மண்புழு தோட்டத்துக்கு உண்மையிலேயே அவ்வளவு நல்லதா? எங்கே வாங்கலாம்?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார்: மண்புழு மண்ணுக்கு அப்படி என்னதான் செய்கிறது, வீட்டுத் தோட்டத்தில் விட அதை எங்கே வாங்கலாம். இரண்டாவதற்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். தரையில் தோட்டம் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு.

கிலோ கணக்கில் விற்கிற புழு பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று ஐசீனியா ஃபெட்டிடா என்கிற சிவப்புப் புழு. இன்னொன்று யூட்ரிலஸ் யூஜினியே, அதாவது ஆப்பிரிக்கப் புழு. இரண்டும் மண்புழு உரம் தயாரிப்பதற்காகவே வளர்க்கப்படுபவை. சாணமும் மக்கிய குப்பையும்தான் அவற்றின் சாப்பாடு, வீடு எல்லாமே. அந்தப் புழுவைக் கொண்டுவந்து காய்ந்த தோட்ட மண்ணில் கொட்டினால் பட்டினியில் சாகும், இல்லையென்றால் எறும்பும் கோழியும் பார்த்துக்கொள்ளும். உரத்தொட்டிப் புழு வேறு, மண்ணில் குடியிருக்கிற புழு வேறு. இந்த ஒரு விஷயத்தை விற்பவர்கள் சொல்வதில்லை.

மண்புழுக்களை அவை வாழும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். மேலே குப்பைக்குள்ளேயே வாழ்பவை, மண்ணுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போய் மண்ணையே தின்பவை, செங்குத்தாகக் குழி போட்டு மேலே வந்து இலையை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறவை. நம் ஊர் மண்ணில் சாதாரணமாகக் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டி மேலும் கீழும் போய்வருகிற வகை. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேடஸ் மேல்மட்டத்தில் இருப்பது. சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் இந்த உள்ளூர்ப் புழுக்களைத்தான் பயன்படுத்தச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வந்தார். எனக்கும் அவர் கட்சிதான் சரியென்று படுகிறது.

சரி, மண்ணுக்கு என்ன செய்கிறது?

ஐப்பசி மழை பிடித்த பிறகு எங்கள் கொல்லையில் வாழையடிக்குப் போனால் காலையில் மண்மேல் சின்னச் சின்ன உருண்டைகள் குவிந்திருக்கும். அதுதான் புழுவின் எச்சம். கையில் எடுத்தால் பிசுபிசுப்பு கிடையாது, நாற்றமும் கிடையாது. அடுத்த மழைக்கும் சட்டென்று கரைந்து ஓடாது. புழுவுக்குப் பல் இல்லை. விழுங்கிய மண்ணையும் மக்கிய இலையையும் வயிற்றுக்குள் இருக்கும் அரைவைப்பை மணலோடு சேர்த்து அரைக்கிறது, கூடவே சளி போன்ற திரவமும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் கலக்கின்றன. வெளியே வரும்போது சுற்றியிருக்கும் மண்ணைவிடச் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதில் அதிகம் இருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது குழிகள்தான். நமக்கு வருஷத்து மழையில் பாதி இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இறுகிய மண்ணில் அது தெருவுக்கு ஓடிவிடும். புழு போட்ட வழி இருந்தால் அதே தண்ணீர் உள்ளே இறங்கும், வேர் அதைத் தேடிப் போகும், காற்றும் போகும். வாழையடியில் மழை நின்றதும் தண்ணீர் காணாமல் போய்விடுகிறது. இரண்டடி தள்ளி, நாங்கள் நடந்து நடந்து இறுக்கிய பாதையில், மறுநாளும் தேங்கி நிற்கிறது.

இதையெல்லாம் முதலில் பொறுமையாக அளந்து பார்த்தவர் சார்லஸ் டார்வின். பரிணாமத்துக்காக அவரைத் தெரியும், ஆனால் மனுஷன் வாழ்நாளில் வெளியிட்ட கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றித்தான்: 1881இல் வந்தது, அடுத்த ஆண்டு இறந்துபோனார். 1842இல் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பிவிட்டு, 29 வருஷம் கழித்து 1871இல் பள்ளம் தோண்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடு போல அந்தக் கட்டிகள் ஏழு அங்குலம் கீழே இருந்தன. யாரும் புதைக்கவில்லை. புழு கீழிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே போட்டுக்கொண்டே இருந்ததில் அவை தானாக இறங்கிவிட்டன. ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழு வயிற்றின் வழியாகப் போய்வருகிறது என்று பல இடங்களுக்குக் கணக்குப் போட்டார். புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்கப் பியானோவும் பசூன் என்கிற ஊதுகுழலும் வாசிக்க வைத்த கதையும் உண்டு. சத்தத்தை அவை கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துக் கட்டையை அழுத்தியதும் அதிர்வு தெரிந்து குழிக்குள் ஓடிவிட்டன.

டார்வின் புத்தகம் வந்து பத்து வருஷத்தில், 1891இல், சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் நாடகம் அச்சானது. அதில் நடராசன் என்கிற பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை, அதாவது மண்புழுவைப் பார்த்து, உழுகிறவர்களுக்கெல்லாம் ராஜா நீதான் என்று பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது. மண்ணை உருட்டி வெளியே கொண்டுவருவது, குழிவாயை ஓர் உருண்டையால் மூடிக்கொள்வது வரை சுந்தரம் பிள்ளை எழுதியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் ஒரு மழைக்காலத்தில் கொல்லைக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள், துல்லியமாக இருக்கும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஓர் ஆய்வு, மண்புழு இருந்தால் பயிர் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடுகிறது என்றது. 2023இல் வந்த இன்னொன்று, உலகத் தானிய விளைச்சலில் சுமார் 6.5 சதவீதத்துக்கு மண்புழு காரணம் என்று மதிப்பிட்டது. முதல் ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு, அதை யாரும் பகிர்வதில்லை. தழைச்சத்து உரம் தாராளமாகப் போட்ட இடத்தில் அந்தக் கூடுதல் விளைச்சல் காணாமல் போகிறது. காரணம் எளிது. புழு புதிதாகச் சத்து எதையும் உண்டாக்குவதில்லை. இலையிலும் சாணத்திலும் வேர்க்கழிவிலும் பூட்டிக் கிடப்பதைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். மண்ணில் மக்குப் பொருளே இல்லையென்றால் திறப்பதற்கு ஒன்றுமில்லை, புழுவும் இருக்காது.

அதனால்தான் வாங்காதீர்கள் என்றேன். மூடாக்கு போடுங்கள், அது வரும். காய்ந்த சருகு, வெட்டிய வாழை மட்டை, தென்னை ஓலைத் துண்டு, களை பறித்ததில் விதை இல்லாதது, எது கிடைக்கிறதோ அதை ஒரு சாண் உயரத்துக்குச் செடியைச் சுற்றிப் போட்டு, அடியில் கொஞ்சம் மக்கிய தொழுஉரம் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் கதை முடிந்தது. வெயில் நேராக விழுகிற வெற்று மண்ணில் அதனால்தான் அதைப் பார்க்க முடியாது. கோடையில் தோண்டிப் பார்த்துவிட்டு எங்கள் மண்ணில் புழுவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆழத்தில் சுருண்டு கிடக்கும். மழைக்காலத்தில் ஓரடி நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் இருந்தால் தெம்பாக இருக்கலாம்.

செய்யக்கூடாதது: குருணை மருந்து. அதில் கார்போஃபுரான் என்கிற பூச்சிக்கொல்லி மண்புழுவுக்குப் பரம விஷம். அப்புறம் அடிக்கடி ஆழமாகக் கொத்திக் கிளறுவது. குழிகளெல்லாம் போய்விடும், புழுவும் வெட்டுப்படும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலான வகைகளில் தலைப்பக்கம் பிழைத்தால் அதிர்ஷ்டம், வால்பக்கம் செத்துப்போகும்.

மண்புழு எங்கே இருந்தாலும் நல்லது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மினசோட்டா பக்கத்துக் காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இல்லாமல் இருந்தது. குடியேறியவர்கள் கொண்டுவந்த செடிமண்ணிலும், பிறகு தூண்டில் இரையாகவும் ஐரோப்பியப் புழுக்கள் போய்ச் சேர்ந்தன. காட்டுத் தரையில் மெத்தையாகக் கிடந்த சருகை அவை வேகமாகத் தின்று தீர்க்க, அதை நம்பி முளைக்கிற செடிகளும் மேப்பிள் கன்றுகளும் அடிவாங்குகின்றன. நம் கொல்லைக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் வெளிநாட்டுப் புழுவைக் காட்டில் கொண்டுபோய் விட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு மட்டும் பதில் வேறு. தொட்டி மண் சித்திரை வெயிலில் சுடும், புழுவுக்கு அடியில் ஓடி ஒளிய இடமில்லை. தொட்டியில் விடாமல், நிழலில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் தனியாக உரம் தயாரியுங்கள். அதற்கு விலைக்கு வாங்குகிற சிவப்புப் புழு பொருத்தம்தான். அடியில் துளை போட்டு, இரண்டு மூன்று வாரம் ஆறிய சாணத்தை நிரப்பி (பச்சைச் சாணத்தின் சூட்டில் புழு செத்துவிடும்), மேலே காய்கறித் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மீன் கழிவு வேண்டாம். எறும்பு ஏறாமல் இருக்க டப்பை நாலு செங்கல் மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்துங்கள். மேலாக டீத்தூள் போலக் கருப்பாக வந்ததை மட்டும் வழித்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி போட்டால் போதும்.