பிரான்சுக்குக் காரில் கோடை விடுமுறை: மழையில் மாட்டாமல் இருக்க எந்தக் கடற்கரை?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். ஆகஸ்டில் இரண்டு வாரம், பிள்ளைகளோடு நான்கு பேர், சொந்தக் கார், விமானம் வேண்டாம். பிரான்சில் வெயில் நிச்சயம் கிடைக்கிற கடற்கரை எது? தெற்கே போகப் போக வெயில் அதிகம் என்கிறார்களே, சரியா?

இரண்டு வாரம் கையில் இருந்தால் மத்தியதரைக் கடலோரம் செத், அக்த், வல்ராஸ் இருக்கும் பகுதிக்குப் போங்கள். பெரிய ஊர் என்று பார்த்தால் ஒரு பக்கம் மொன்பெலியே, இன்னொரு பக்கம் பெசியே. ஒரு வாரம்தான் லீவு என்றால் அவ்வளவு தூரம் ஓட்டுவது வீண். மேற்குக் கரையில் லா ரோஷெல் பக்கம் போதும். வெயில்தான் நோக்கம் என்றால் பியாரிட்ஸ் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

"தெற்கே போகப் போக வெயில்" என்பது பாதிதான் உண்மை. பியாரிட்ஸும் மார்செய்யும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் ஜூலையில் 1 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் நாட்கள் மார்செய்யில் ஒன்றோ இரண்டோ. பியாரிட்ஸில் ஒன்பது பத்து. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று பிரனீஸ் மலையில் முட்டி மேலேறி அங்கேயே கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நனைத்துவிட்டுத் தேனியைக் காயவிடும் அதே கணக்கு. ஆண்டு மழையிலும் பிரான்சின் ஈரமான நகரங்களில் பியாரிட்ஸ் ஒன்று. அலைச்சறுக்கு ஆட்கள் அங்கே குவிவது அலைக்காகத்தான், வெயிலுக்காக இல்லை.

ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரி வெப்பநிலையைப் பார்த்துப் பயனில்லை. 25 டிகிரி சராசரி என்பது தினமும் 25 ஆகவும் இருக்கலாம், மூன்று நாள் 19, நான்கு நாள் 30 ஆகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது மழை நாட்களின் எண்ணிக்கை. பிரான்சின் வானிலைத் துறையான மெத்தேயோ-ஃப்ரான்ஸ் ஒவ்வொரு நிலையத்துக்கும் 1991 முதல் 2020 வரையிலான சராசரி அட்டவணையை இலவசமாக வெளியிடுகிறது. அதில் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்த நாட்கள் என்று ஒரு வரிசை இருக்கும். உங்கள் மாதத்தின் எண்ணை எடுத்துப் பாதியாக்கினால் இரண்டு வாரத்துக்கு எத்தனை நாள் நனைவீர்கள் என்று தெரிந்துவிடும். வடமேற்கில் ப்ரெத்தாஞ் (பிரிட்டனி) முனையில் உள்ள ப்ரெஸ்டில் ஜூலைக்கு ஏறக்குறைய 10 நாள், அதாவது இரண்டு வாரத்தில் ஐந்து. லா ரோஷெலில் 6, இரண்டு வாரத்தில் மூன்று. மொன்பெலியேயில் இரண்டு மூன்று, இரண்டு வாரத்தில் ஒன்று. தெற்கில் அந்த ஒரு நாளும் பெரும்பாலும் ஒரு மணிநேர இடிமழைதான். காலையிலிருந்து இரவுவரை நசநசவென்று தூறும் ஆங்கிலேய மழை இல்லை.

வருடாந்திர வெயில் நேரமும் இதே கதையைச் சொல்லும். ப்ரெஸ்டில் சுமார் 1,500 மணி, லா ரோஷெலில் 2,100-க்கு மேல், மொன்பெலியேயில் 2,600-க்கு மேல், மார்செய்யில் 2,800-ஐ ஒட்டி.

லா ரோஷெல் பகுதிக்கு முதல் நியாயம் தூரம். பிரான்சுக் கரையில் நீங்கள் இறங்கும் கலேயிலிருந்து சுமார் 700 கி.மீ., ஏழு மணிநேர ஓட்டம். ரூவான், லு மான், தூர், புவாத்தியே, நியோர் என்று போகும் பாதை பாரிஸைத் தொடுவதே இல்லை. போர்ட்ஸ்மவுத்திலிருந்து சென் மாலோவுக்கு இரவுக் கப்பல் பிடித்தால் காலையில் இறங்கி 320 கி.மீ. ஓட்டினால் போதும், மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரை. டிக்கெட் விலை கூடுதல்தான். ஆனால் ஒரு ஹோட்டல் இரவையும் 400 கி.மீ. பெட்ரோலையும் கழித்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். எதிரே இருக்கும் ஒலெரோன் தீவுக்குப் பாலம் இலவசம். இல் த ரே தீவின் பாலத்துக்குச் சுங்கம் உண்டு, கோடையில் அதிகம். கடல் 20, 21 டிகிரிதான். ஓதம் (கடல் ஏற்றவற்றம்) வற்றும்போது ஃபூரா, ஷாத்லையோன் பக்கம் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி சேறாகக் கிடக்கும், அதனால் ஓத நேர அட்டவணை பார்த்துத்தான் குளிக்கப் போக வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இன்னும் தெற்கே ஜிரோந்து, லாந்த் மாவட்டத் திறந்த கடற்கரைகளுக்கு இறங்க வேண்டாம். அங்கே மணல்திட்டுகளுக்கு நடுவே 'பாயின்' எனப்படும் பள்ளங்கள் உண்டு; ஓதம் இறங்கும்போது அதில் நிற்பவரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இனி மத்தியதரைக் கடல். மழை இல்லை, ஓதம் ஏறக்குறைய இல்லை, மணல் சரிவு மெதுவானது, ஆகஸ்டில் தண்ணீர் 23, 24 டிகிரி. பிறகு என்ன குறை? காற்று. இதை விளம்பரப் புத்தகங்கள் சொல்லாது. ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்குவது மிஸ்ட்ரல். நார்போன், பெர்ப்பிஞான் பக்கம் வடமேற்கிலிருந்து அடிப்பது த்ரமொந்தான். இரண்டும் மேகத்தைத் துடைத்தெடுத்துவிடும். அந்த நீல வானத்துக்கே பாதிக் காரணம் இவைதான். ஆனால் த்ரமொந்தான் அடிக்கும் நாளில் கடற்கரையில் நின்றால் மணல் முழங்காலுக்குக் கீழே ஊசியாகக் குத்தும், நிழற்குடை நிற்காது, இலையில் வைத்த சோற்றில் மணல்தான் மிஞ்சும். சில சமயம் மூன்று நான்கு நாள் விடாமல் அடிக்கும். வெப்பமானி 30 காட்டும், கடலில் கால் வைத்தால் சில்லிடும். மேல்மட்டத்து வெந்நீரைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட, அடியில் இருந்த குளிர்ந்த நீர் மேலே வருவதால்தான் இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் காற்றுகள் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பவை. கரையோரம் அலையே இருக்காது, குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். அதை நம்பி ரப்பர் மிதவையில் பிள்ளையை உட்காரவைத்தால், எட்டிப் பிடிப்பதற்குள் ஐம்பது மீட்டர் போயிருக்கும். காற்று நாளில் மிதவையை காரை விட்டு எடுக்காதீர்கள்.

நான் லொகாத், நார்போன் கடற்கரைகளை விட்டுவிட்டு செத்-அக்த்-வல்ராஸ் சொல்வதற்கு இந்தக் காற்றுதான் காரணம். அங்கே அடிப்பதைவிட இங்கே வேகம் குறைவு. காற்றே ஆகாது என்பவர்கள் ஃப்ரெஜூஸ், சென் ரஃபயேல் பக்கம் பார்க்கலாம், மலைகள் மிஸ்ட்ரலைப் பெரிதும் தடுத்துவிடும். ஆனால் கலேயிலிருந்து 1,180 கி.மீ., வாடகை அதிகம், ஆகஸ்டில் கரையோரச் சாலையில் வண்டி நகராது. இன்னொன்று: காப் த'அக்த் என்ற பெயரில் தங்குமிடம் பதியும்போது முகவரியை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அந்த ஊரின் ஒரு பகுதி ஐரோப்பாவிலேயே பெயர்பெற்ற நிர்வாண விடுமுறைக் குடியிருப்பு. குடும்பத்தோடு போய் வாசலில் நின்று விழிக்க வேண்டாம்.

வெயில் நிச்சயம் என்றால் அனலும் நிச்சயம். பிரான்சின் உச்ச வெப்பப் பதிவான 46 டிகிரி, 2019 ஜூன் 28 அன்று செத், அக்த் இருக்கும் இதே எரோ மாவட்டத்தில் வெரார்க் என்ற ஊரில்தான் பதிவானது. கரையில் கடற்காற்று காப்பாற்றும். நீம், அவிஞ்ஞோன் போன்ற, கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்கள் அதே நாளில் நான்கைந்து டிகிரி கூடுதலாகக் காயும். வயதானவர்கள் கூட வந்தால் கரையை விட்டு இருபது கி.மீ. உள்ளே வீடு எடுக்க வேண்டாம், வாடகை பாதியாக இருந்தாலும். பைன் காட்டுக்குள் இருக்கும் கேம்பிங்கும் எனக்கு உவப்பில்லை. 2022 ஜூலையில் ஜிரோந்தில் கடற்கரைக் கேம்பிங்குகள் காட்டுத்தீயில் எரிந்தன. 2025 ஆகஸ்டில் நார்போன் பக்கத்துக் கோர்பியேர் மலைப்பகுதியில் ஏறக்குறைய 16,000 எக்டேர் போனது.

இப்போது சாலை. அக்த் பகுதி கலேயிலிருந்து சுமார் 1,050 முதல் 1,100 கி.மீ. எல்லோரும் போகும் வழி ரேன்ஸ், திஜோன், லியோன், பிறகு ஏ7, ஏ9 நெடுஞ்சாலைகள். லியோனிலிருந்து ஒரான்ஜ் வரையிலான ஏ7-தான் பிரான்சின் கோடைக் கழுத்து. ஜூலை விடுமுறைக்காரர்கள் திரும்ப, ஆகஸ்டுக்காரர்கள் இறங்க, மாத ஆரம்பச் சனிக்கிழமையில் இரண்டு மணிநேர ஓட்டம் நான்கு மணிநேரத்துக்கு மேல் ஆகும். அரசின் போக்குவரத்து முன்னறிவிப்புச் சேவை பிசோன் ஃபுதே ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் தரும். ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை பெரும்பாலும் கறுப்பு. தங்குமிடத்தைப் பதியும் முன்பே அந்த நாட்காட்டியைப் பாருங்கள், பிறகு அல்ல.

என் பரிந்துரை வேறு வழி: கலே, ரூவான், சார்த்ர், ஓர்லியான், ஏ71-இல் கிளெர்மோன்-ஃபெரான், அங்கிருந்து ஏ75. மியோ பாலம் தவிர ஏ75 முழுக்க இலவசம். ரூவானுக்கும் ஓர்லியானுக்கும் நடுவே கொஞ்ச தூரம் சாதாரணச் சாலை வரும், பரவாயில்லை, பாரிஸ் வட்டச்சாலையில் நிற்பதைவிட மேல். ஏ75 1,100 மீட்டருக்கு மேல் ஏறும். நான்கு பேர், கூரைப்பெட்டி, ஏசி என்று முழுச் சுமையோடு ஏறும் பழைய வண்டியில் கூலன்ட் குறைவாக இருந்தால் அங்கேதான் தெரியவரும். கிளம்பும் முன் அதையும், முழுச் சுமைக்கு உரிய டயர் காற்றையும் பாருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுச் சுமைக்கான எண் தனியாக இருக்கும். லொதேவுக்கு முன் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வர வேண்டாம்.

இதை ஒரே நாளில் ஓட்டுவது முட்டாள்தனம். காலை ஏழுக்கு ஃபோக்ஸ்டனில் காரோடு சுரங்க ரயில் ஏறினால் 35 நிமிடப் பயணம், கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், மாலை கிளெர்மோன்-ஃபெரானில் தூக்கம். மறுநாள் 340 கி.மீ. மட்டும், மதியம் போய்ச் சேர்வீர்கள், மொபைல் ஹோம் (கேம்பிங்கில் வாடகைக்கு விடும் சின்ன வீடு) சாவி தருவதே மூன்று நான்கு மணிக்குத்தான்.

சுங்கச்சாவடியில் ஒரு தொல்லை. உங்கள் ஸ்டியரிங் வலப்பக்கம், பணம் கட்டும் இயந்திரம் இடப்பக்கம். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் கட்டுவார். தனியாக ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் இறங்கிச் சுற்றி ஓட வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் டெலிபேயாஜ் கருவியை இங்கிலாந்திலேயே தபாலில் வாங்கிக்கொள்ளலாம், தடுப்பு தானாகத் திறக்கும். கூரைப்பெட்டி இருந்தால் சில இயந்திரங்கள் வண்டியை உயரமான வண்டிகளுக்கான 2-ஆம் வகுப்பு என்று எடுத்துக் கூடுதல் கட்டணம் காட்டும். கார்டை வைக்கும் முன் உதவிப் பொத்தானை அழுத்தி '1-ஆம் வகுப்பு' என்று சொல்லுங்கள். நார்மண்டியின் ஏ13-இல் 2024-இலிருந்து தடுப்பே கிடையாது, கேமரா எண்ணைப் படிக்கும், 72 மணிநேரத்துக்குள் இணையத்தில் நீங்களாகவே கட்ட வேண்டும். மறந்தால் அபராதம் வீடு தேடி வரும். பெட்ரோல் நெடுஞ்சாலையில் போடாதீர்கள். வெளியேறி சூப்பர்மார்க்கெட் பங்க்கில் போட்டால் குறைவு. ஆளில்லா பங்க்குகள் கார்டில் நூறு யூரோவுக்கு மேல் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், டெபிட் கார்டில் பணம் மட்டாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

பிரிட்டிஷ் விசாவோடு இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும்; ஆகஸ்டுப் பயணத்துக்கு வசந்த காலத்திலேயே விண்ணப்ப நேரம் பிடித்துவிடுங்கள். கட்டுச்சோறு விஷயத்திலும் கவனம். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. தயிர்ச்சாதமும் கோழிக்கறியும் அந்தக் கணக்கில் வரும். புளியோதரை போகும். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. காயவைத்த பொடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் 22, 23-க்குப் பிறகு போங்கள். பிரெஞ்சுப் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்தில் திறப்பதால் வாடகை சட்டென்று இறங்கும், கடல் சூடு அப்படியே இருக்கும். செப்டம்பர் பாதிக்குமேல் இழுக்க வேண்டாம்; கரைக்கு வடக்கே உள்ள செவென் மலையடியில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் இலையுதிர்கால மழை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

கேம்பிங் நீச்சல் குளங்களில் தொளதொள அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை, டி-சர்ட்டோடு இறங்கவும் விடமாட்டார்கள். உடலை ஒட்டிய நீச்சலுடை எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பதியும் முன் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள்: படுக்கையறைக்கு ஏசி உண்டா, ஹாலுக்கு மட்டுமா? ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா? (அந்தக் கரை முழுக்க உப்பங்கழி, கொசு நம் ஊரை மிஞ்சும்.) மதியம் இரண்டு மணிக்கு அந்த மொபைல் ஹோம் மேல் நிழல் விழுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.