மாடு போனதும் அம்மா ஏன் மெலிகிறார்?

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. பாலக்கோடு பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். சிரமப்பட வேண்டாமே என்று போன வருஷம் மாட்டை விற்றுவிட்டோம். அதிலிருந்து மெலிந்துகொண்டே வருகிறார், வாசலைத் தாண்டுவதில்லை. சத்துமாவு வாங்கிக் கொடுத்தும் பலனில்லை. இது வயதா, தனிமையா?

பதில்: மாடு இருந்தவரை புல் அறுக்கக் குனிந்து நிமிர்ந்திருப்பார். இரண்டு வேளையும் பால் சொசைட்டிக்கு நடந்து, அங்கே நாலு பேரிடம் ஊர்க்கதை பேசியிருப்பார். உழைப்பும் பேச்சுத்துணையும் ஒரே கயிற்றில் இருந்தன. கயிறு மாட்டோடு போய்விட்டது.

ஒருத்திக்காக உலை வைக்க மனம் வராது. நேற்றைய களியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். தசை கரையும், விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும், பயத்தில் திண்ணைக்குக்கூட வரமாட்டார். ஆள் பழக்கம் இன்னும் குறையும். வயதா தனிமையா என்றால், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது.

காரணமின்றி எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதை மூப்புத் தளர்ச்சி என்கிறோம். ஒன்றிரண்டு என்றால் தொடக்கம்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கையை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது.

எடை குறைவதால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய், மனச்சோர்வு எதுவும் இருக்கலாம். பல், கண், காதையும் பாருங்கள். காது மந்தமானவர் பேச்சையே தவிர்ப்பார்; நாம் கோபம் என்று நினைத்துக்கொள்வோம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு. ஊர்ச் செவிலியரிடம் கேளுங்கள்.

சத்துமாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. 50 கிலோ எடைக்குத் தினம் 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். களியோடு கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டை போதும்.

பாக்கெட் பால் வீட்டுக்கு வருகிறதா? நிறுத்திவிடுங்கள். கையில் தடியோடு, மாடு வைத்திருக்கும் பழைய சிநேகிதி வீட்டுக்கு நடந்துபோய் வாங்கி வரட்டும். கால் தேறியதும் இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கித் தரலாம்.

ஓசூருக்கே கூட்டிவந்துவிடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். எல்லோரும் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டுக்குள்ளும் இதே தனிமைதான். மாட்டை விற்கும்போது கேட்டீர்களோ என்னவோ, இதையாவது அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.