மூன்றாவது கொடி

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மாணவி. ஆற்றில் வெள்ளம் வருவதைச் செயற்கை நுண்ணறிவு சில நாள் முன்பே சொல்லிவிடுகிறது என்று படித்தேன். ஏழை நாடுகள் ஊர் ஊராக எச்சரிக்கை சொல்லும் தன்னார்வலர்களுக்கும் அவர்கள் பயிற்சிக்கும் செலவிடுவதைக் குறைத்து, அந்தப் பணத்தை இதில் போட்டால் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் படித்தது உண்மைதான். 2018இல் பாட்னாவில் தொடங்கிய கூகுளின் வெள்ள முன்னறிவிப்பு, 2023இல் 80 நாடுகளை எட்டியது. நீர்மட்ட அளவுகோல் உள்ள ஆறுகளின் பழைய பதிவுகளில் கற்றதை வைத்து, அளவுகோலே நடப்படாத ஆறுகளுக்கும் அது கணக்குச் சொல்கிறது. ஏழை நாடுகளில் அப்படிப்பட்ட ஆறுகளே அதிகம். இது பெரிய கொடை. ஆனால் அங்கே கணிப்பு தப்பினால், தப்பியது என்றுகூடத் தெரியாது. கரையில் ஓர் அளவுகோலும் அதைப் பார்த்து எழுத ஓர் ஆளும் வேண்டும்.

தன்னார்வலர் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 1970இல் போலா புயல் இன்றைய வங்கதேசக் கரையில் சுமார் மூன்று லட்சம் பேரைக் கொன்றது. புயல் வருவது வானிலைத் துறைக்குத் தெரிந்தே இருந்தது. அபாயம் எவ்வளவு பெரிது என்பதுதான் தீவுகளில் இருந்தவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 1972இல் அங்கே புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கியது. இன்று அதில் சுமார் 76,000 தன்னார்வலர்கள், பாதிப்பேர் பெண்கள். அபாயம் கூடக்கூடக் கம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடி ஏறும். கையால் சுற்றும் சங்கு ஊதும்.

பெண்கள் ஏன் என்று கேட்பீர்கள். 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகம் இறந்தார்கள். ஆண்துணை இல்லாமல் கிளம்பத் தயங்கி, கூட்டத்தில் தங்கக் கூசி, வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பலர். அந்த வாசலில் இன்னொரு பெண் போய் நின்று கூப்பிட வேண்டியிருக்கிறது. மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பவர்களுக்காக மண்மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் ஐம்பது வருடம் ஊர் ஊராக நடந்து கற்றது. 2020இல் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சம் பேருக்கு மேல் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். வங்கதேசத்தில் இறப்பு நூறைத் தொடவில்லை.

அதே 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றங்கரையில் முன்னறிவிப்பை நம்பி, வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. கணிப்பு எத்தனை நாள் முந்துகிறதோ, அத்தனை நாள் அவர்களுக்குக் கையில் கிடைக்கிறது. உங்கள் துறை இங்கே தாராளமாக வரட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கணினி நீரோட்டத்தை விநாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று சொல்கிறது. கொடி ஏற்றும் பெண்ணுக்கு அது வேண்டாம். தண்ணீர் பள்ளிக்கூடப் படியைத் தொடுமா, தாண்டுமா என்று அவள் பேச்சுமொழியில், குரலாகவே அவள் போனுக்கு வர வேண்டும். அதைச் செய்து பாருங்கள். செய்ததும் எழுதுங்கள்.