அடிச் சிலிண்டரைத் திறந்து பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தரகரிடம் 1920களின் ரைட் வேர்ல்விண்ட் ஜே-5 விமான இன்ஜின் விலைக்கு வந்திருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. “கொஞ்சம் பின்னால் திருப்பினால் சரியாகிவிடும், விமானி லிண்ட்பெர்க்கை அட்லாண்டிக் தாண்ட வைத்த இன்ஜின் ஐயா இது” என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: 1927இல் லிண்ட்பெர்க்கை முப்பத்து மூன்றரை மணி நேரம் சுமந்த இன்ஜின் அவருடைய விமானத்தோடு வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரகரிடம் இருப்பது அதே ரகம், அவ்வளவுதான். நல்ல ரகம், காற்றிலேயே குளிரும் ஒன்பது சிலிண்டர், சுமார் 220 குதிரைத்திறன். ஆனால் அந்தப் பெருமைக்கும் உங்கள் சிக்கலுக்கும் சம்பந்தமில்லை.

சிலிண்டர்கள் வட்டமாக நிற்பதால் ஐந்தாவதும் ஆறாவதும் ஏறக்குறையத் தலைகீழாகத் தொங்குகின்றன. இன்ஜின் சும்மா கிடக்கும்போது எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி அங்கே இறங்கித் தேங்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால்தான் நின்றுவிடுகிறது. பலவந்தமாகச் சுற்றினால், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். அன்றைக்கே உடைந்தால் அதிர்ஷ்டம்; பெரும்பாலும் வானத்தில்தான் உடையும். ஒரு தாய் ராடில்தான் மற்ற எட்டும் கோத்திருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

பின்னால் திருப்பச் சொல்வதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது! எண்ணெய் வெளியேறாது, உள்ளிழுப்புக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். இன்ஜினைக் கிளப்பியதும் மறுபடி சிலிண்டருக்குள் வந்து விழும். வாங்க வந்தவர் கண்முன் லேசாகச் சுற்றிக் காட்டத்தான் இந்த வித்தை உதவும். பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மேக்னெட்டோ அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெயை வடியவிடுவதே வழி. குழாயையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

“முழுச் சீரமைப்பு முடிந்தது” என்ற பதிவேட்டைக் காட்டுவார். அப்படி எழுத ஒரு பேனா போதும். காகிதம் சரியாக இருந்தால் இரும்பை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. இந்த முறையோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

கூடத்தில் காட்சிக்கு வைக்கத்தான் என்றால் ராட் வளைந்திருந்தாலும் பாதகமில்லை. ஆனால் காட்சிப் பொருளுக்கான விலையை மட்டும் கொடுங்கள். “என்றாவது ஓட்டலாமே” என்ற ஆசையை அவர் விலையில் சேர்ப்பார். பிறகு விற்கும்போது, பறக்க உதவாது என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். இல்லையேல் அடுத்தவர் அதை விமானத்தில் மாட்டிவிடுவார்.

பிளக்கைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லையென்றால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.