ராஜாவுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? செஸ் கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ராஜாவைத் தாக்குவது, காப்பது பற்றிய சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இதோ.

ஈசூனிலிருந்து ஓர் அம்மா: வணக்கம் சார். மகன் தொடக்கநிலை மூன்று படிக்கிறான். பள்ளியில் நாலே மூவில் தோற்றுவிட்டு அழுதுகொண்டு வருகிறான். இதை எப்படித் தடுப்பது?

அது ஸ்காலர்ஸ் மேட், அம்மா. ஆட ஆரம்பித்த எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வார்கள். கறுப்பு ராஜாவை ஒட்டிய எஃப்7 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) ஆரம்பத்தில் ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. வெள்ளை தன் பிஷப்பை சி4க்கும் ராணியை எச்5க்கும் கொண்டுவந்தால் இரண்டுமே அந்தக் கட்டத்தைத்தான் குறிவைக்கின்றன. உங்கள் பையன் ராணியை விரட்டும் ஆசையில் குதிரையை எஃப்6க்கு நகர்த்தியிருப்பான். ராணி எஃப்7 சிப்பாயை வெட்டிவிடும். பிஷப் துணை நிற்பதால் ராஜாவால் ராணியைத் தொட முடியாது, தப்பவும் வழியில்லை. மேட்.

குதிரையை நகர்த்தும் முன் சிப்பாயை ஜி6க்கு ஆடச் சொல்லுங்கள். ராணி எஃப்3க்குப் போய் மறுபடியும் மிரட்டும். குதிரை எஃப்6க்கு வரவேண்டிய நேரம் அதுதான். ஆனால் ஒன்று: ஜி6 ஆடும்போது சி6ல் ஒரு குதிரை நின்று இ5 சிப்பாயைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். சில பிள்ளைகள் இரண்டாவது மூவிலேயே ராணியை எச்5க்குக் கொண்டுவருவார்கள். அப்போது அவசரப்பட்டு ஜி6 ஆடினால், ராணி இ5 சிப்பாயை வெட்டி செக் வைக்கும், அதாவது ராஜாவை நேராகத் தாக்கும். மூலையில் இருக்கும் எச்8 யானையும் அதோடு போய்விடும். சி6 குதிரை முதலில், ஜி6 பிறகு.

ஜூரோங் வெஸ்டிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, 'பின்' (pin) ஆன காய், அதாவது நகர்ந்தால் தன் ராஜாவே தாக்கப்படும் காய், நகர முடியாது. அப்படியிருக்க அது செக் கொடுக்குமா? புளோக் கீழே செஸ் மேசையில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

கொடுக்கும் தம்பி. உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதியே அப்படித்தான். நகர்ந்தால் தன் ராஜா மாட்டிக்கொள்ளும் என்ற நிலையில் இருக்கும் காய்கூட எதிர் ராஜாவுக்கு செக் வைக்கும். அது தாக்கும் கட்டத்துக்குள் எதிர் ராஜா கால் வைக்கவும் முடியாது. ஆனால் அதே காய் தன் சக காய்களைக் காப்பது பெரும்பாலும் வெறும் தோற்றம்தான். தைரியமாக வெட்டலாம், திருப்பி வெட்ட அதனால் வர முடியாது.

தேக்கா பக்கத்திலிருந்து, பணி ஓய்வு பெற்றவர்: தம்பி, டபுள் செக் என்றால் அவ்வளவு பயப்பட வேண்டுமா?

நிச்சயமாக ஐயா. இரண்டு காய்கள் ஒரே நேரத்தில் செக் வைக்கும்போது ஒன்றை வெட்டினாலும் மறைத்தாலும் இன்னொன்று நிற்கிறது. ராஜா நகர்ந்தே ஆக வேண்டும்.

பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ராஜா ஜி8, யானை டி8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ராணி சி4, குதிரை எஃப்7. குதிரையால் டி8 யானையை வெட்டலாம், என் மாணவர்கள் பலர் அதை எடுத்துக்கொண்டு திருப்தியாகிவிடுவார்கள். ஆனால் குதிரையை எச்6க்கு நகர்த்திப் பாருங்கள். குதிரையும் செக், வழி திறந்துவிட்டதால் ராணியும் செக். ராஜா எஃப்8க்கு ஓடினால் ராணி எஃப்7ல் மேட். எச்8க்கு ஒதுங்கினால் ராணியை ஜி8ல் கொண்டுபோய் வையுங்கள்! குதிரையின் காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். இப்போது குதிரை மறுபடி எஃப்7க்கு வருகிறது, செக். ராஜாவைச் சுற்றி அதன் சொந்தக் காய்களே நிற்கின்றன, நகர இடமில்லை. செஸ்ஸில் இதைவிட அழகான முடிவு எனக்குத் தெரியாது.

இது கண்ணில் பட ஒரே வழி, ஒவ்வொரு மூவுக்கு முன்னும் எல்லா செக்கையும் பார்ப்பது. ராணியைக் கொடுக்கும் செக்கையும் சேர்த்து. நம்முடையதை மட்டுமல்ல, எதிராளி அடுத்து வைக்கக்கூடியதையும். அப்புறம் எல்லா வெட்டையும்.

செங்காங்கிலிருந்து: செக்கில் இருக்கும்போது காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) செய்யலாமா?

கூடாது. ராஜா தாண்டும் கட்டமும் போய் நிற்கும் கட்டமும்கூடத் தாக்குதலில் இருக்கக் கூடாது. யானைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

உட்லண்ட்ஸிலிருந்து: 2024ல் நம் சென்டோசாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் மேட்டே ஆகவில்லையே, அப்போதைய சாம்பியன் டிங் லிரன் ஏன் விட்டுக்கொடுத்தார்?

டிசம்பர் 12, 14வது ஆட்டம். அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிங்கை எதிர்த்து ஆடிய இந்தியாவின் குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55வது மூவில் டிங் யானையை எஃப்2க்கு வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. உடனே குகேஷ் பிஷப்பை டி5ல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில், அதே குறுக்குக் கோட்டில் மாட்டியிருந்தது, தப்ப வழியில்லை. பிஷப்புகளும் போனால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும்தான், அதில் கூடுதல் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. 58வது மூவோடு டிங் கை கொடுத்தார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். எல்லா வெட்டையும் பாருங்கள் என்று நான் பிள்ளைகளிடம் விடாமல் சொல்வது இதனால்தான்.

பிடோக்கிலிருந்து: கடைசி வரிசையில் ராஜா அடைபட்டு மேட் ஆவதற்குப் பயந்து, அது வெளியேற வழிவிட எப்போதும் சிப்பாயை எச்6க்கு நகர்த்திவிடுகிறேன். சரியா அண்ணா?

ஒவ்வொரு ஆட்டத்திலும் தேவையில்லை. எதிராளியின் யானையோ ராணியோ சிப்பாய்கள் இல்லாத நெடுவரிசை வழியாக உங்கள் கடைசி வரிசைக்கு வர முடியும், காக்க உங்கள் யானை அங்கே இல்லை என்றால் ஆடுங்கள். எதிராளியின் பிஷப்பும் ராணியும் எச்6ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சிப்பாயையே வெட்டி உள்ளே வருவார்கள். அப்போது யானையைப் பின்வரிசையிலேயே வைத்திருப்பது நல்லது.