முன் ஜன்னலுக்கு எதிரே ஃபைபர் கம்பம்: கவுன்சில் கைவிரித்தால் வேறு வழி உண்டா?

கேள்வி: இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 1970களில் கட்டிய குடியிருப்பு. தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் மண்ணுக்குள்தான். தெருவில் ஒரு கம்பம்கூட இருந்ததில்லை. போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போய்விட்டு வந்து பார்த்தால், எங்கள் முன் ஜன்னலுக்கு நேர் எதிரே நடைபாதையில் ஒரு மரக்கம்பம் நிற்கிறது. புதிதாக வந்திருக்கும் ஃபைபர் நிறுவனம் ஒன்று நட்டது. அதிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும் கம்பி எங்கள் முன்தோட்டத்துக்கு மேலாகப் போகிறது. கவுன்சிலிடம் கேட்டால் "எங்களால் தடுக்க முடியாது" என்கிறார்கள். நிறுவனமோ "சட்டப்படி எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது" என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டது. கம்பியை வெட்டி விடலாம் என்கிறார் என் கணவர். வீட்டு விலை குறையாதா? இன்னொன்று: அதே நிறுவனத்தின் இணைப்பு மலிவு என்று மகன் நச்சரிக்கிறான். அதை எடுத்தால் எங்கள் புகார் கெட்டுப்போகுமா?

பதில்: முதலில் உங்கள் கணவர் கையில் இருக்கும் வெட்டுக் கருவியை வாங்கி உள்ளே வையுங்கள். உங்கள் தோட்டத்துக்கு மேலே போனாலும் அது நிறுவனத்தின் சொத்து. வேண்டுமென்று வெட்டினால் 1971ஆம் ஆண்டின் குற்றச் சேதச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும். செம்புக் கம்பி வழி வரும் பழைய தொலைபேசிச் சேவை 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்பட இருப்பதால், பக்கத்து வீட்டார் அவசரத்துக்கு 999 அழைப்பதும் அந்த ஒற்றைக் கம்பி வழியாகத்தான் என்று ஆகலாம். கோபத்தில் செய்கிற காரியம் அல்ல இது.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். கவுன்சிலும் நிறுவனமும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருமே பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2003ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் ஒரு நிறுவனத்துக்கு 'கோட் அதிகாரம்' (மின்னணுத் தொடர்பாடல் விதித்தொகுப்பான 'கோட்' தரும் அதிகாரம்) கொடுத்துவிட்டால் பொதுச் சாலையில் கம்பம் நடவும் குழி வெட்டவும் அதற்கு உரிமை வந்துவிடும். அந்தக் கோட் இப்போதுள்ள வடிவில் 2017 டிசம்பர் 28 முதல் நடப்பில் இருக்கிறது. பெரிய பழைய நிறுவனத்துக்கு இருக்கும் அதே அதிகாரம், நேற்று தொடங்கிய ஆல்ட்நெட்டுக்கும் (போட்டியாக வந்த புது ஃபைபர் நிறுவனத்துக்கும்) உண்டு. அப்புறம், இங்கிலாந்தில் 15 மீட்டர் உயரம் வரையுள்ள இப்படிப்பட்ட கம்பத்துக்குத் தனியாகத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணையே அதைக் கொடுத்துவிடுகிறது. நிறுவனம் கவுன்சிலுக்கு 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். கவுன்சில் கருத்துச் சொல்லலாம், இடத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்லலாம். 'கூடாது' என்று சொல்ல முடியாது. அதனால் கவுன்சிலருக்கு இன்னும் பத்து மின்னஞ்சல் அனுப்பிப் பயன் குறைவு. ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: அந்த 28 நாள் அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். அதில் குறித்த இடமும் இப்போது கம்பம் நிற்கிற இடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால், அது உங்களுக்கு நல்ல பிடி.

'ஏற்கெனவே உள்ள குழாயில் போட்டிருக்கலாமே' என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிடியின் வலையமைப்பு நிறுவனமான ஓப்பன்ரீச் (BT Openreach) தன் குழாய்களையும் கம்பங்களையும் போட்டி நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று ஆஃப்காம் விதித்திருக்கிறது. முடிந்தவரை பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் விதிகளும் சொல்கின்றன. சிக்கல் என்னவென்றால், உங்களுடையதைப் போன்ற பல குடியிருப்புகளில் குழாயே கிடையாது. செம்புக் கம்பியை வெறுமனே மண்ணில் புதைத்து மூடிவிட்டார்கள். பகிர ஒன்றும் இல்லை என்றால் நடைபாதை முழுக்க வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கம்பம் நட வேண்டும். எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. ஹல் நகரில் கதை வேறு மாதிரி: அங்கே ஓப்பன்ரீச் வலையமைப்பே இல்லாததால் இந்தப் பகிர்வு விதி பொருந்தவில்லை, புது நிறுவனங்கள் சொந்தக் கம்பங்களை நட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2024 மார்ச்சில் அப்போதைய அமைச்சர் ஜூலியா லோபெஸ், தேவையில்லாமல் கம்பம் நடாதீர்கள் என்று நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். அது வேண்டுகோள்தான், சட்டம் ஆகாது. 2016இல் வந்த கம்ப நடைமுறைக் கோவையும் அப்படித்தான். அதைக் கடிதத்தில் மேற்கோள் காட்டலாம். அதை மட்டும் நம்பி வழக்குப் போட முடியாது.

உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்ட பாதி, அதே கோட்டின் பன்னிரண்டாம் பகுதியில் இருக்கிறது. மூன்று மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமுள்ள, கம்பம் போன்ற கருவி ஒன்று உங்கள் இடத்துக்கு அருகில் வந்து, அந்த அருகாமையால் உங்கள் இடத்தை நீங்கள் அனுபவிப்பதோ அதில் உங்களுக்குள்ள உரிமையோ பாதிக்கப்படக்கூடும் என்றால், நீங்கள் ஆட்சேப நோட்டீஸ் கொடுக்கலாம். கம்பம் உங்கள் மண்ணில் நிற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வழி மிகவும் குறுகிவிடும். உங்களுக்குச் செப்டெம்பரில் தொடங்கிய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பத்தின் அருகில் போய்ப் பாருங்கள். வேலை முடிந்த மூன்று நாளுக்குள், நிறுவனத்தின் பெயரும் ஆட்சேபம் அனுப்ப வேண்டிய முகவரியும் உள்ள அறிவிப்பு ஒன்றைப் பெயர்ந்து விழாதபடி, படிக்கும்படியான இடத்தில் பொருத்தியிருக்க வேண்டும். சில இடங்களில் வெறும் எண் தகடு மட்டும் இருக்கும், சில இடங்களில் மழையில் எழுத்தெல்லாம் கரைந்திருக்கும். எப்படி இருந்தாலும் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். முகவரி இல்லையென்றால் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசு நிறுவனப் பதிவகத்தில் நிறுவனத்தின் பதிவு முகவரியை எடுங்கள். கோட் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியல் ஆஃப்காம் தளத்தில் இருக்கிறது. இந்தத் துறையில் ஒன்றை ஒன்று வாங்குவதும் இணைவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. விளம்பரத்தில் பார்க்கும் பெயரும் கம்பத்தின் உண்மையான உரிமையாளர் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நோட்டீஸை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பி விட்டுவிட வேண்டாம். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலாகவோ ஒப்புதலோடு சேரும் தபாலாகவோதான் இருக்க வேண்டும் என்று கோட் சொல்கிறது. சாதாரண முத்திரை ஒட்டி அனுப்பியது செல்லாது. அனுப்பிய பின் இரண்டு மாதம் பொறுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதம் முடிவதற்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும். மார்ச் 2ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தால், உங்களுக்குக் கதவு திறந்திருப்பது மே மாதத் தொடக்கத்திலிருந்து ஜூலைத் தொடக்கம் வரைதான். 'பரிசீலிக்கிறோம்' என்று நிறுவனம் இழுத்தடிப்பதிலேயே இந்த இரண்டு மாதத்தைப் பலர் கோட்டைவிட்டு விடுகிறார்கள்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்? உங்கள் வீட்டை நீங்கள் அனுபவிப்பதைக் கம்பம் கணிசமாகப் பாதிக்கிறதா என்று பார்க்கும். பாதித்தாலும், அதை மாற்றினால் சேவையின் தரம் குறையுமா, நிறுவனத்துக்குப் பெருஞ்செலவு வருமா, வேறொருவருக்கு உங்களுடையதற்கு நிகரான குறை ஏற்பட்டுவிடுமா என்று பார்க்கும். கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். 'எங்கேயாவது தள்ளி வையுங்கள்' என்றால், அந்த எங்கேயாவது எதிர்வீட்டு முன் ஜன்னலாக இருக்கும். அதனால் நோட்டீஸிலேயே ஒரு இடத்தை நீங்களே காட்டுங்கள்: மூலை வீட்டின் ஜன்னல் இல்லாத பக்கச் சுவர் ஓரம், புல்தரை, இரண்டு வீட்டின் எல்லைக் கோடு. அளந்து, ஒரு படம் வரைந்து இணையுங்கள். என் கணிப்பில் உங்களுக்கு உண்மையான வாய்ப்பு இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. கம்பத்தை நான்கைந்து மீட்டர் நகர்த்துவது நிறுவனத்துக்கு எரிச்சல்தான், ஆனால் வழக்கறிஞர் செலவைவிடக் குறைவு. வழக்கு வரை போனால் தோற்பவர் தலையில் மற்றவர் செலவும் விழலாம். அதற்கு முன் உள்ளூர் சொலிசிட்டர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டுங்கள். வீட்டுக் காப்புறுதியில் சட்டச் செலவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காட்சி கெட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 1610இல் தீர்ப்பான ஆல்ட்ரெட் வழக்கிலிருந்தே ஆங்கிலச் சட்டம் நல்ல காட்சிக்கு உரிமை கொடுப்பதில்லை. வீட்டு விலை குறைந்தது என்பதற்காக மட்டும் இழப்பீடு வாங்குவதும் கிட்டத்தட்ட முடியாத காரியம். டிரைவ்வேயில் கார் திருப்ப முடியவில்லை, வெளியே வரும்போது சாலை மறைகிறது, சக்கர நாற்காலி நடைபாதையில் போக இடமில்லை என்பவை எடைபோடும். அப்படி ஏதாவது இருந்தால் அதை முதல் பத்தியில் எழுதுங்கள், 'அசிங்கமாக இருக்கிறது' என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

தோட்டத்துக்கு மேலே போகும் கம்பி தனிச் சங்கதி. அருகில் நிற்கும் கம்பத்திலிருந்து உங்கள் இடத்துக்கு மேலாகக் கம்பி இழுக்க, உங்கள் சம்மதம் இல்லாமலே கோட் உரிமை தருகிறது. ஆனால் அது தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் கீழே வரக்கூடாது, உங்கள் இடத்தில் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு மீட்டருக்குள் வரக்கூடாது, அங்கே தொழில் நடந்தால் அதற்கும் இடைஞ்சல் தரக்கூடாது. பக்கத்து வீட்டுக் கூரை ஓரத்துக்குச் சாய்வாகப் போகும் கம்பி, உங்கள் மாடி மூலையை எவ்வளவு நெருங்குகிறது? ஏணி போட்டு ஏற வேண்டாம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாலே ஓரளவு தெரியும். முன்பக்கம் கராஜ் இருந்தால் அதுவும் கட்டடம்தான், மறந்துவிடாதீர்கள். இரண்டு மீட்டருக்குள் வந்தால் கோட் கொடுத்த பாதுகாப்பு அந்தக் கம்பிக்கு இல்லை, அது அத்துமீறல். இந்த ஒரு புள்ளியில் உங்கள் கை கம்ப விஷயத்தைவிட ஓங்கியிருக்கும், கடிதத்தின் தொனியும் அதற்கேற்ப இருக்கட்டும்.

மகனின் இணைப்புக்கு வருவோம். சந்தா எடுப்பதால் மட்டும் ஆட்சேப உரிமை போய்விடாது. ஆனால் 'இந்தக் கம்பம் என் வாழ்க்கையையே கெடுக்கிறது' என்று எழுதிவிட்டு அதே கம்பத்திலிருந்து கம்பி வாங்கினால், எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டாமல் இருக்குமா? அதைவிட முக்கியம், நிறுவல் நாளன்று நீட்டும் காகிதம். சில நிறுவனங்களின் விதிமுறைகளுக்குள்ளேயே 'வேலீவ்' என்ற அனுமதி ஒளிந்திருக்கும். உங்கள் இடத்தில் கருவி வைக்கவும் மேலே கம்பி கொண்டுபோகவும் நீங்கள் சம்மதித்ததாக ஆகிவிடும். மகனுக்குப் பதினெட்டு ஆகியிருந்தாலும் வீட்டு உரிமையாளர் கையெழுத்து உங்களுடையது. ஆட்சேபம் ஒரு முடிவுக்கு வரும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். அதன் பிறகு மாறுவதானால், 2024 செப்டெம்பர் 12 முதல் புது நிறுவனமே பழையதை நிறுத்திவிடும் முறை வந்துவிட்டது. பழைய ஒப்பந்தக் காலம் மிச்சம் இருந்தால் முன்விலகல் கட்டணம் மட்டும் உங்கள் தலையில். 2025 ஜனவரி 17க்குப் பிறகு எடுக்கும் ஒப்பந்தத்தில், இடையில் விலை ஏறும் என்றால் எத்தனை பவுண்ட், எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். 'பணவீக்கத்தோடு சேர்த்து' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.