சிடி4 எடுக்காமல் விட்டால் ஆபத்தா?

கேள்வி: என் கணவர் ஆறு வருஷமாக அரசு மையத்தில் எச்ஐவிக்கான ஏஆர்டி கூட்டு மருந்து சாப்பிடுகிறார். முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை) எடுத்தார்கள். இப்போது ‘வருஷத்துக்கு ஒரு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) போதும்’ என்கிறார்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒருவர், இரண்டையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். மையத்தில் சொன்னது சரிதான். ஆனால் ஏன் என்று இரண்டு நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், நீங்கள் அந்த ஆளிடம் போயிருக்கவே மாட்டீர்கள்.

மருந்து கேட்காமல் போனால் முதலில் ஏறுவது ரத்தத்தில் வைரஸ். சிடி4 இறங்கப் பல மாதம் ஆகும். அதோடு ஒரு காய்ச்சல் வந்தாலே, ஏன், காலையில் எடுத்ததா சாயங்காலம் எடுத்ததா என்பதற்கே, 600 இருந்தது 480 ஆகிவிடும். சிடி4 350-ஐத் தாண்டி நிலைத்து, வைரல் லோடும் 1,000-க்குக் கீழே இருப்பவருக்கு சிடி4-ஐத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண். வைரல் லோடு 20 இருந்தது 60 ஆனாலும் பதற வேண்டாம். 1,000-ஐத் தாண்டினால், மாத்திரை விட்டுப்போனதா என்று விசாரித்துச் சரிசெய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள். 2018 முதல் ஏஆர்டி மையங்களில் வைரல் லோடு சோதனை இலவசம்.

இப்போது அந்த பேக்கேஜ்காரர். வைரல் லோடுக்கு ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, பிளாஸ்மாவைத் தனியாகப் பிரித்தாக வேண்டும். குழாயை பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நாலு வீடு சுற்றி, மறுநாள் பார்சலில் அனுப்பினால், வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ சிதைந்து எண் பொய்யாகக் குறையும். பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அதிலுள்ள ஹெப்பாரின் சோதனையையே கெடுக்கும். இப்படி வந்த ‘வைரஸ் இல்லை’ தாளைக் காட்டித்தான் ‘முழு குணம்’ வியாபாரிகள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். ‘வைரஸ் இல்லை’ என்பதற்கு மருந்து வைரஸை அடக்கி வைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பி வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் இன்றே பாருங்கள். நம்பிக்கை மையத்தில் (அரசு எச்ஐவி பரிசோதனை மையம்) முதலில் கொடுத்த ரிப்போர்ட்டை எடுத்து, எச்ஐவி-1 என்று இருக்கிறதா, எச்ஐவி-2 என்று இருக்கிறதா, இரண்டும் இருக்கிறதா என்று படியுங்கள். வழக்கமான வைரல் லோடு சோதனை எச்ஐவி-1-ஐ மட்டுமே எண்ணும். எச்ஐவி-2 உள்ளவருக்கு ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருந்தாலும் அது ‘இல்லை’ என்றே காட்டும். அதை நம்பி சிடி4-ஐ நிறுத்துவது பெரிய தவறு. அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிடி4 எடுத்தே ஆக வேண்டும். எபாவிரென்ஸ், நெவிரபின் மாத்திரைகளும் எச்ஐவி-2-க்கு வேலை செய்யாது. ரிப்போர்ட்டில் ‘2’ என்று இருந்தால், ‘ரெஃபரன்ஸ் லேபில் உறுதிசெய்தீர்களா?’ என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். இரண்டும் இருந்தால், வைரல் லோடு எண் பாதிக் கதைதான் சொல்லும்.

எச்ஐவி-1 மட்டும்தான் என்றால், கடைசி வைரல் லோடு எடுத்த தேதியையும் எண்ணையும் அவருடைய சிகிச்சைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். முடிவு வந்து ஃபைலில் கிடக்கும்; ஒரு போன் செய்து சொல்ல ஆள் இருக்காது. அடுத்த மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1097-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.